அண்ணன் ஆட்டமும் தம்பி ஆட்டமும்

சென்ற கோடை விடுமுறையில் மைசூரிலிருந்து கொளத்தூருக்குக் குடும்பத்துடன் காரில் போய்க்கொண்டிருந்தோம். கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை என்று வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையை நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் அறிவீர்கள். மலையை விட்டு இறங்கிப் பாலாற்றுப் பாலத்தை நெருங்கிய நேரத்தில் பின் இருக்கையில் சண்டை மூண்டது.

“அப்பா, அக்கா எனக்குக் குடுக்கவே மாட்டேங்குது!”

“அப்பா, நான் இன்னும் அவுட்டே ஆகலை. நான் அவுட் ஆனாத்தானே அவன் சான்ஸ்?”

மகளுக்கு வயது 11, மகனுக்கு 7. கையடக்கமான வீடியோ கேம் கருவியில் இருவரும் பழைய மாரியோ விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். மகள் கெட்டிக்காரி, அவுட் ஆகாமல் போய்க்கொண்டே இருந்தாள். பையன் கொள்ளேகாலிலிருந்து காத்திருக்கிறான். சட்டப்படி மகள் சொன்னதுதான் சரி. ஆனால் நியாயம் யார் பக்கம்? என்னால் உடனே தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே வழக்கில் நானே குற்றவாளி.

அந்தச் சண்டையை அன்று தீர்த்துவைத்தது அப்பாவும் அல்ல, அம்மாவும் அல்ல. அதே விளையாட்டின் இன்னொரு பாகம்தான் தீர்த்துவைத்தது. ‘முதல் படம் மாதிரி இரண்டாம் பாகம் வராது’ என்று சினிமாவைப் பற்றிச் சொல்வோமே, அது இந்த விளையாட்டுக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் வைத்திருக்கும் பெற்றோருக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பாலாற்றைத் தாண்டி

முதலில் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாறு வேறு, இந்தப் பாலாறு வேறு. இது மலைக்காட்டு வழியே வந்து இரு மாநில எல்லையில் காவிரியில் சேரும் சிறிய ஆறு. கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை மாகாணத்துக் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்து, 1997-இல் புதிதாகப் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. கோடுகள் மாறினாலும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பாலாற்றுப் பாலம்தான் எல்லை. ஊருக்குப் போகும்போது பாலத்தைத் தாண்டினால் அம்மாவின் முகம் மலரும். திரும்பி வரும்போது அதே பாலத்தில் பேச்சு நின்றுவிடும்.

அப்பாவுக்கு மைசூர் அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை. சொந்த ஊர் மேட்டூர் அணைக்குப் பக்கத்தில் உள்ள கொளத்தூர். வருடம் ஒருமுறை இந்த வழியாகத்தான் போவோம். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடித் தாக்குதலில் காவலர்களும் வனத்துறையினரும் பலியான பிறகு, அப்பா சில ஆண்டுகள் அந்தப் பாதையை விட்டுவிட்டுப் பெங்களூர், சேலம் என்று சுற்றிக்கொண்டு போனார். செலவு கூடியதால் பயணம் குறைந்தது. விடுமுறை நாட்களில் ஊர்ப் பிள்ளைகளுடன் ஆடுவதற்குப் பதில் நானும் தம்பியும் மைசூர் வீட்டிலேயே அடைந்து கிடந்தோம். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் அப்பா 1994-இல் போனஸ் பணத்தில், தசராப் பொருட்காட்சியில், ஒரு டி.வி. கேம் வாங்கித் தந்தார். அப்போது எனக்கு வயது 13, தம்பிக்கு 9.

முதல் மாரியோ

வாங்கிய பெட்டி, ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி செய்த கருவியைப் பார்த்து வேறு யாரோ செய்த நகல் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. உடன் வந்த கேசட்டில் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருந்தது. 9999 விளையாட்டுகள் என்று தெருவெல்லாம் பெருமை பேசினோம். ஆடிப் பார்த்தால் ஒருசில விளையாட்டுகளே வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வந்தன. ஆனால் அந்த ஒருசிலவற்றில் மாரியோ இருந்தது. அது போதுமாக இருந்தது.

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியானது. உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா. இன்றும் நம் காதில் ஒலிக்கும் அந்த இசை கோஜி கோண்டோ அமைத்தது. அதற்கு முன் வந்த விளையாட்டுகளில் பல ஒரே திரைக்குள் நடப்பவை. மியாமோட்டோவே 1981-இல் செய்த ‘டாங்கி காங்’கும் அப்படித்தான். மாரியோவோ திரையைத் தாண்டி ஓடினான். ஓட ஓட வலப்பக்கம் புது இடம் வந்துகொண்டே இருந்தது. எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு ஸ்டேஜ், மொத்தம் 32. காளான் தின்றால் பெரியவன் ஆகலாம். பூவைத் தொட்டால் நெருப்பு எறியலாம். எந்தப் பாடமும் சொல்லாமல் முதல் ஸ்டேஜே ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். நாற்பது மில்லியனுக்கு மேல், அதாவது நான்கு கோடிக்கு மேல் விற்றது.

இவ்வளவு நல்ல விளையாட்டில் இரண்டு குறைகள் இருந்தன.

முதல் குறை, திரும்பிப் போக முடியாது. மாரியோ வலப்பக்கம் நகர நகர, இடப்பக்கம் கடந்து வந்த இடம் திரையின் ஓரத்தில் மறைந்துவிடும். மறைந்தது மறைந்ததுதான். ஒரு காளானைத் தவறவிட்டால் இரண்டடி பின்னால் வைத்து எடுக்க வழியில்லை.

இரண்டாவது குறைதான் எங்கள் வீட்டில் அடிதடி வரை போனது. இருவர் ஆடலாம் என்று போட்டிருக்கும். ஆனால் சேர்ந்து ஆட முடியாது. முதல் ஆள் மாரியோ. இரண்டாம் ஆள் அவன் தம்பி லூயிஜி. மாரியோ அவுட் ஆனால்தான் லூயிஜிக்குச் சான்ஸ். மாரியோ ஸ்டேஜ் மேல் ஸ்டேஜாக முடித்துக்கொண்டே போனால் லூயிஜி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒருவழியாகச் சான்ஸ் வந்தாலும், அண்ணன் மூன்றாம் உலகத்தில் இருப்பான். தம்பி முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்க வேண்டும். தம்பிக்குப் பழக்கம் குறைவு. பத்து விநாடியில் அவுட். மறுபடியும் அரைமணி நேரம் காத்திருப்பு.

நான் அவனுக்குச் சான்ஸ் தராமல் ஏமாற்றவில்லை. விளையாட்டின் சட்டப்படிதான் நடந்தேன். இப்போது என் மகள் சொன்ன அதே வாதத்தைத்தான் நானும் அம்மாவிடம் சொன்னேன். நன்றாக ஆடுகிறவனுக்கு மேலும் மேலும் ஆட்டம் கிடைக்கும்; ஆடத் தெரியாதவனுக்குக் கற்றுக்கொள்ள நேரமே கிடைக்காது. அந்தச் சட்டம் அப்படி.

பல வருடம் கழித்துத் தம்பி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். “நீ எப்ப அவுட் ஆவேன்னுதான் அண்ணா நான் பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். குழி வர்றப்பல்லாம் மனசுக்குள்ள விழு விழுன்னு சொல்லுவேன்.”

நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வர வெகுநேரம் ஆயிற்று.

கடினமாக்கினால் போதுமா?

வெற்றி பெற்ற விளையாட்டுக்கு அடுத்த பாகம் செய்வது எப்படி? எளிய வழி, அதையே இன்னும் கடினமாகச் செய்வது. நின்டெண்டோவும் முதலில் அதைத்தான் செய்தது. 1986 ஜூன் மாதம் ஜப்பானில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ பார்வைக்கு முதல் பாகம் போலவே இருக்கும். ஆனால் தின்றால் உயிர் போகும் விஷக் காளான் உண்டு. குதிக்கும்போது தள்ளிவிடும் காற்று உண்டு. குறுக்கு வழி என்று நம்பி நுழைந்தால் பின்னால் உள்ள உலகத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய்களும் உண்டு. இருவர் ஆடும் வசதியை எடுத்தே விட்டார்கள்.

முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு அது சவால். மற்றவர்களுக்குத் தண்டனை. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை இது நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டது. அதற்குப் பதிலாக, 1987-இல் ஜப்பானியத் தொலைக்காட்சி ஒன்றின் விழாவையொட்டி வந்த வேறொரு விளையாட்டை எடுத்து, அதில் மாரியோ முகத்தைப் பொருத்தி, 1988-இல் அங்கே ‘மாரியோ 2’ என்று வெளியிட்டார்கள். அது நல்ல விளையாட்டுதான். காய்கறிகளைப் பிடுங்கி எறியலாம். நால்வரில் ஒருவராக ஆடலாம். ஆனால் அதிலும் இரண்டாம் ஆளுக்கு இடமில்லை. ஜப்பானிய இரண்டாம் பாகம் 1993-இல் வந்த ஒரு தொகுப்பில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளின் கைக்குக் கிடைத்தது.

ஆக, தம்பிமார்களின் குறையைக் கேட்க மூன்றாம் பாகம் வரவேண்டியிருந்தது.

வந்தது மூன்றாம் பாகம்

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ ஜப்பானில் 1988 அக்டோபர் 23 அன்றும், அமெரிக்காவில் 1990 பிப்ரவரியிலும் வெளியானது. எங்கள் வீட்டுக்கு அது 1996 கோடையில் வந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடப் பையனின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட். அவர்கள் வீட்டில் கேம் பெட்டி கெட்டுப் போயிருந்ததால், கேசட்டை எடுத்துக்கொண்டு அவன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். நல்லவேளையாக எங்கள் பெட்டியில் அது பொருந்தியது.

இந்த விளையாட்டு ஏன் எங்கள் ‘9999’ கேசட்டில் இல்லை என்று அப்போது புரியவில்லை. பின்னாளில் புரிந்தது. முதல் மாரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கும். மலிவான கேசட்டில் அதுபோல் பலவற்றை அடைத்துவிடலாம். மூன்றாம் மாரியோ 384 கிலோபைட், ஏறக்குறைய பத்து மடங்கு. அதோடு, அவ்வளவு பெரிய விளையாட்டைச் சிறிது சிறிதாகக் கருவிக்கு ஊட்ட கேசட்டுக்குள்ளேயே தனியாக ஒரு சிப் வேண்டும். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படமே இந்த இரண்டையும் விடப் பெரியது! ஆனால் அன்றைக்கு அது பெரிய சரக்கு.

கேசட்டைப் போட்டதும் நாடக மேடை போல் திரைச்சீலை விலகியது. ஆட்டம் தொடங்கினால் நேராக ஸ்டேஜுக்குப் போகவில்லை. ஊர் வரைபடம் போல் ஒரு மேப் வந்தது. பாதைகள் பிரிந்தன. எந்த ஸ்டேஜுக்குப் போவது என்று ஓரளவுக்கு நாமே முடிவு செய்யலாம். புல்வெளி, பாலைவனம், கடல், எல்லாமே பூதாகரமாக இருக்கும் ராட்சத உலகம், வானம், பனி, குழாய்க்காடு, கடைசியில் இருட்டு என்று எட்டு உலகங்களுக்கும் எட்டு முகங்கள். முதல் பாகத்தில் நான்காம் உலகத்தையும் ஆறாம் உலகத்தையும் நிறத்தை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். இங்கே ஒவ்வோர் உலகமும் ஒரு தனி ஊர்.

மாரியோ பறந்தான். ஓர் இலையைத் தொட்டால் காதும் வாலும் முளைக்கும். வேகமாக ஓடினால் கீழே அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக நிறையும்; நிறைந்ததும் குதித்தால் மேகத்துக்கு மேல் போகலாம். அங்கேயும் காசு ஒளித்து வைத்திருப்பார்கள். தவளை உடை போட்டால் தண்ணீரில் நன்றாக நீந்தலாம். சரிவில் உட்கார்ந்து சறுக்கி எதிரிகளைச் சாய்க்கலாம். கிடைத்த பொருளை உடனே செலவழிக்க வேண்டியதில்லை. பெட்டியில் சேர்த்து வைத்து, கஷ்டமான ஸ்டேஜ் வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அரிசிப் பானையில் காசு சேர்க்கும் எங்கள் அம்மாவுக்கு இந்த ஓர் அம்சம் மட்டும் பிடித்திருந்தது.

முதல் குறையும் தீர்ந்தது. பெரும்பாலான ஸ்டேஜ்களில் இடப்பக்கமும் திரும்பிப் போகலாம். விட்டு வந்த காளானைத் திரும்பிப் போய் எடுக்கலாம். இரண்டு வருடம் ஒரே திசையில் ஓடிப் பழகிய எங்களுக்கு இது தெரியவே ஒருநாள் ஆயிற்று. தற்செயலாகத் தம்பிதான் கண்டுபிடித்தான்.

சட்டம் மாறியது

பறப்பதும் சறுக்குவதும் எல்லோரும் புகழ்ந்த விஷயங்கள். என்னைக் கேட்டால் மூன்றாம் பாகத்தின் பெரிய சீர்திருத்தம் வேறு. மாரியோ அவுட் ஆனாலும் லூயிஜிக்குச் சான்ஸ். மாரியோ ஒரு ஸ்டேஜை ஜெயித்து முடித்தாலும் லூயிஜிக்குச் சான்ஸ். இவ்வளவுதான் மாற்றம்.

கேட்கச் சிறியதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஒரு ஸ்டேஜ் என்பது சில நிமிட ஆட்டம். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அதற்கு மேல் அவன் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. அடுத்து, இருவருக்கும் மேப் ஒன்றே. மாரியோ முடித்த ஸ்டேஜை லூயிஜி மறுபடி ஆட வேண்டியதில்லை. அதில் மாரியோவின் அடையாளம் விழுந்துவிடும், பாதை இருவருக்கும் திறந்துவிடும். லூயிஜி முடித்தால் அவன் அடையாளம். அண்ணன் மூன்றாம் உலகத்திலும் தம்பி முதல் உலகத்திலும் என்ற நிலை இல்லை. இருவரும் ஒரே உலகத்தில் இருப்பார்கள்.

இதனால் காத்திருப்பவனின் மனம் மாறியது. அண்ணன் விழுந்தாலும் தம்பிக்கு முறை வரும். ஆனால் ஜெயித்தால் முறையும் வரும், வழியும் திறக்கும். அப்படியிருக்க அவன் எதற்காக ‘விழு விழு’ என்று வேண்டப் போகிறான்? முதல் நாள் மாலையே எங்கள் வீட்டில் சத்தம் மாறிவிட்டது. “அங்க பாரு அண்ணா, மேல ஆமை!” என்று தம்பி எச்சரித்தான். கன்னடப் பையன் “ஹாரு, ஹாரு!” என்று கத்தினான்; குதி என்று அர்த்தம். எனக்குக் கடினமாக இருந்த ஸ்டேஜைத் தம்பி ஒரே தடவையில் முடித்தான். அப்போதுதான் தெரிந்தது, அவன் ஆடத் தெரியாதவன் அல்ல, ஆட வாய்ப்பில்லாமல் இருந்தவன்.

சண்டையே இல்லாமல் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒருவர் நிற்கும் கட்டத்துக்கு மற்றவர் போய்ப் பட்டனை அழுத்தினால் இருவரும் ஒரே திரையில் மோதிக்கொள்ளும் சின்ன ஆட்டம் ஒன்று வரும். 1983-இல் வந்த பழைய ‘மாரியோ பிரதர்ஸ்’ மாதிரி. அதில் ஒருவர் சேர்த்த சீட்டை மற்றவர் பறிக்கலாம். செய்தவர்களுக்கு உடன்பிறப்புகளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை

நியாயமாகப் பேச வேண்டுமானால் மூன்றாம் பாகத்தின் குறையையும் சொல்ல வேண்டும். இவ்வளவு நீண்ட விளையாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர வழி இல்லை. பெட்டியை அணைத்தால் எல்லாம் போயிற்று. நம் ஊர் மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஐந்தாம் உலகம் வரை போய், கரண்ட் போய், மூன்று பேரும் வாய்விட்டு அழுத நாள் உண்டு. ஒருநாள் டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை இரவெல்லாம் ஓடவிட்டோம். காலையில் அம்மா வீடு கூட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டார். விட்ட இடத்தைச் சேமிக்கும் வசதி 1993-இல் வந்த அடுத்த தலைமுறைக் கருவியின் தொகுப்பில்தான் சேர்க்கப்பட்டது.

அதற்கு மாற்றாக விளையாட்டுக்குள் மூன்று மந்திரப் புல்லாங்குழல்கள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று முதல் உலகத்தின் மூன்றாம் ஸ்டேஜில். ஒரு வெள்ளைக் கட்டையின் மேல் சில விநாடி குந்தியிருந்தால் மாரியோ காட்சிக்குப் பின்னால் விழுந்து, திரைக்குப் பின் நடந்து போய் அதை எடுப்பான். ஒரு குழலை ஊதி, அது கொண்டுபோய் விடும் இடத்தில் இன்னொன்றையும் ஊதினால் நேராக எட்டாம் உலகம். ஆனால் குறுக்கு வழியில் போனால் இடையில் உள்ள ஆறு உலகங்களையும் பார்க்க முடியாது. நாங்கள் ஒருமுறை அப்படிப் போய் முடித்தோம். முடித்ததில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை.

இன்னொரு செய்தி. ஜப்பானில் வந்த மூன்றாம் பாகத்தில், வால் முளைத்த மாரியோ ஓர் அடி வாங்கினால் நேராகக் குட்டி மாரியோ ஆகிவிடுவான். வெளிநாட்டுக்கு அனுப்பியபோது, பெரிய மாரியோவாக நின்று இன்னோர் அடி தாங்கும்படி மாற்றினார்கள். எங்கள் கைக்கு வந்தது ஜப்பானியக் கேசட். இளவரசி அனுப்பும் கடிதங்கள் ஜப்பானிய எழுத்தில் இருந்தன. தம்பி அவற்றைப் பார்த்துத் தானே ஒரு கதை கட்டி எங்களுக்குப் படித்துக் காட்டுவான்.

கடினத்தைக் கூட்டிச் செய்த இரண்டாம் பாகத்தை ஒதுக்கிவைத்தவர்கள், மூன்றாம் பாகத்தைக் கொண்டாடினார்கள். கருவியோடு இலவசமாகக் கொடுத்ததைச் சேர்க்காமலே பல லட்சம் பேர் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினார்கள். மொத்தம் 17 மில்லியனுக்கு மேல், அதாவது ஒன்றே முக்கால் கோடியை ஒட்டி விற்றது.

என் முறை

இனிக் கொளத்தூருக்கு வருவோம். அப்பா ஓய்வு பெற்றதும் அவரும் அம்மாவும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். கூடப் போனவன் தம்பி. எனக்கு முதலில் படிப்பு, முதலில் வேலை, முதலில் கல்யாணம். நான் மைசூரில் நிலைத்துவிட்டேன். தம்பிக்குப் பெங்களூரில் ஒரு வேலை வந்தபோது அப்பா படுக்கையில் இருந்தார், அவன் போகவில்லை. அப்பா காலமான பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், விடுமுறைக்கு வருகிறேன், வேறென்ன வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இதிலும் சட்டப்படி என் மேல் குற்றமில்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளின் வழக்கைத் தம்பியிடம் சொன்னேன். அவன் கருவியை வாங்கி, பட்டியலில் தேடி, மூன்றாம் பாகத்தைப் போட்டுக் கொடுத்தான். பக்கவாட்டில் உள்ள கைப்பிடிகளைக் கழற்றி ஆளுக்கு ஒன்று கொடுத்து, “இதுல ஜெயிச்சாலும் அடுத்தவங்க சான்ஸ்தான். ஆடுங்க” என்றான். அரைமணி நேரத்தில் சத்தம் மாறியது. நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வெகுநேரம் கழித்து, “அம்மாவ ஆறு மாசம் நான் வச்சுக்கறேன். நீ அந்தப் பெங்களூர் கம்பெனியில மறுபடி கேட்டுப் பாரேன்” என்றேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. “அம்மா வரணுமே அண்ணா” என்றான் கடைசியில்.

“கேட்டுப் பார்ப்போம்.”

அம்மா முதலில் மறுத்தார். மாடு, தோட்டம், பக்கத்து வீட்டுப் பேச்சுத்துணை என்று காரணங்கள் அடுக்கினார். பிறகு, “திரும்பி வரலாமில்ல?” என்று கேட்டார். “எப்ப வேணும்னாலும் வரலாம்மா” என்றேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டை வாங்கித் தருவது என்று குழம்புகிறோம். விலை பார்க்கிறோம், படம் பார்க்கிறோம், வன்முறை இருக்கிறதா என்று பார்க்கிறோம். இதையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரு பிள்ளை ஆடும்போது காத்திருக்கும் பிள்ளை எதை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது? ஆடுகிறவன் விழ வேண்டும் என்றா, ஜெயிக்க வேண்டும் என்றா? பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். வேண்டுதல் முதல் வகை என்றால், பிள்ளையைத் திட்டாதீர்கள், சட்டத்தை மாற்றுங்கள். ஒரு ஸ்டேஜுக்கு ஒரு முறை என்று நீங்களே வகுத்துக் கொடுக்கலாம். கேசட் எதுவாக இருந்தாலும் அது செல்லும்.

திரும்பும்போது அம்மா பின் இருக்கையில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பாலாற்றுப் பாலம் வந்ததும் வழக்கம்போல் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். அம்மா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தார். ஆனால் பையன் விடவில்லை.

“ஓடு அக்கா, ஓடு! குதி! ஜெயிச்சிரு!”

“எதுக்குடா உனக்கு அவ ஜெயிக்கணும்?” என்று அம்மா திரும்பிக் கேட்டார்.

“அப்பத்தான் பாட்டி எனக்கு சான்ஸ்.”